தண்ணீர் போன்ற ஆயில் என்ஜினைக் காக்குமா?

கம்ப்யூட்டர் இதழில் கார் ஆயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டரில் செய்யும் அதே தவறைத்தான் நாம் காரிலும் செய்கிறோம். மேனுவலைப் படிப்பதே இல்லை.

கோவையில் என் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தது. மெக்கானிக் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதென்னங்க சார், தண்ணியாட்டம் இருக்குது! நம்ம வெயிலுக்குத் தாங்காதுங்க. 20டபிள்யூ-50 ஊத்திக்கலாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பம்ப்செட், டிராக்டர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று கனமான டீசல் என்ஜின்களைப் பார்த்தே வளர்ந்த பகுதி இது. இங்கே கெட்டி ஆயில் என்றால்தான் நம்பிக்கை.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். கோவையில் நமக்கு இரண்டுமே தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை. என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அதுதான் சொல்கிறது.

கையில் தொட்டுப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. ஆயில் சூடானால் மிகவும் நீர்த்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உள்ள 0டபிள்யூ-20, மதியம் 100 டிகிரியில் ஓடும் 20டபிள்யூ-50ஐ விடக் கெட்டியானது!

அப்படியானால் மெக்கானிக் சொன்னது முழுக்கத் தவறா? இல்லை. 150 டிகிரி சூட்டில், பேரிங்கில் நசுங்கும் நிலையில் ஆயிலின் பாகுநிலையை அளக்கிறார்கள். எஸ்ஏஇ தரப்படி அது 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 20டபிள்யூ-50க்கு 3.7. அதாவது லேசான ஆயிலில் பாதுகாப்புக்கான இடைவெளி குறைவு. கம்பெனிகள் அதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் மைலேஜ். இந்தியாவில் புதிய கார்களின் கார்பன் டை ஆக்சைடு சராசரிக்கு 2017-ல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்றும், 2022-ல் 113 கிராம் என்றும் வரம்பு வந்தது.

2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 என்ஜின் கொண்ட ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கோளாறு கிராங்க் ஷாப்ட், கனெக்டிங் ராடு தயாரிப்பில் இருந்தது, ஆயிலில் அல்ல. ஆனால் சோதனையில் தேறிய என்ஜின்களுக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் 0டபிள்யூ-40 ஊற்றினார்கள். கெட்டி ஆயில் கூடுதல் பாதுகாப்பு தரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் நாமாகவே 20டபிள்யூ-50க்குத் தாவுவதை நான் ஏற்கவில்லை. புதிய என்ஜினின் பேரிங், ஆயில் பம்ப், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்பு எல்லாம் குறிப்பிட்ட ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. டிடிஆர்4 மதர்போர்டில், விலை அதிகம் என்பதற்காக டிடிஆர்5 ராமைச் செருக முடியுமா? வாரன்டி சிக்கலும் வரலாம்.

என் கருத்து இதுதான். மேனுவலில் ஒரே கிரேடு இருந்தால் அதையே ஊற்றுங்கள். இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்திருந்தால், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முழு பாரத்துடன் அடிக்கடி ஏறுபவர்கள் அவற்றில் கெட்டியானதைத் தேர்வு செய்யலாம். லேசான ஆயிலை விட ஆபத்தானது குறைந்த ஆயில். எனவே மாதம் இருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

நான் 0டபிள்யூ-20தான் ஊற்றச் சொன்னேன். "உங்க வண்டி, உங்க இஷ்டங்க" என்று சிரித்தார் மெக்கானிக். மேனுவல் தொலைந்துவிட்டதா? பெரும்பாலும் கம்பெனியின் இணைய தளத்திலேயே பிடிஎப் பைலாகக் கிடைக்கும். மாடலையும் வருடத்தையும் சரிபார்த்து டவுன்லோட் செய்து கொள்ளுங்கள்.