குடிவந்த அன்றே கொடுக்க வேண்டிய புத்தகம்

ப்ளாட்டில் குடியிருக்கும் சகோதரிகளே, உங்கள் கட்டிடத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் சங்கத்திலிருந்து முதலில் என்ன கொடுக்கிறார்கள்? அநேகமாக மெயின்டனன்ஸ் பில்லைத்தான். சில இடங்களில் ஒரு சின்னக் கையேடும் உண்டு. சென்னையில் எங்கள் கட்டிடத்திலும் (மூன்று மாடி, 18 வீடுகள்) அப்படி ஒன்று போடலாமென்று தீர்மானமாகி, செக்ரடரி ஸார் எழுதியதை, "நீங்களும் ஒரு பார்வை பார்த்துடுங்கம்மா" என்று என்னிடம் கொடுத்தார்.

நாலு பக்கம். நாலிலும் 'கூடாது'தான். வாசலில் செருப்பு விடக் கூடாது, பால்கனிக் கம்பியில் புடவை தொங்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது. வேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் இரண்டாவது மாடிக்கு ஒரு கைக்குழந்தைக்காரி வந்தாள். வந்த நாலாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, பாத்ரூம் குழாய் அப்படியே கையோடு வந்துவிட்டது. தண்ணீரை எங்கே மூடுவதென்று அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் கடைக்குப் போயிருந்தார். ஹாலெல்லாம் தண்ணீர், தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் மேஜை விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, பாயில் குழந்தை! சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி வந்து மெயினை அணைத்து, மொட்டை மாடிக்கு ஓடி வால்வைத் திருகினார். அந்தப் பெண்ணுக்கு இந்த நாலு பக்கத்தில் எந்த வரி உதவியிருக்கும், சொல்லுங்கள்!

ஆகையால் முதல் பக்கத்தில் 'எதை எங்கே மூடுவது' என்று இருக்கட்டும் என்றேன். தண்ணீர் வால்வு மாடியிலா, பாத்ரூம் பரண் பக்கத்திலா, எத்தனையாவது குழாய் யார் வீட்டுக்கு என்று எழுத வேண்டும். வால்வு மேலேயே வீட்டு நம்பரைப் பெயிண்டால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. திருகாமலே கிடக்கிற வால்வு இறுகிப் போய்விடும். மாசம் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.

மின்சாரத்துக்கு, வீட்டுக்குள் இருக்கும் மெயின் எது, கீழே மீட்டர் பலகையில் உங்களுடையது எது என்று இரண்டும் வேண்டும். டிரிப்பர் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். கெய்சரிலோ இஸ்திரிப் பெட்டியிலோ எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காஸ் விஷயம் விளையாட்டில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். வாடை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் விசிறியைத் தொடவே வேண்டாம். ஸ்விட்சில் வரும் ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து 1906க்குப் போன் செய்ய வேண்டும். ராத்திரியிலும் எடுப்பார்கள்.

லிப்ட் நடுவில் நின்றால் உள்ளே மூச்சு முட்டாது, காற்று வரும். அலாரத்தை அழுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். கதவை நெம்பித் திறந்து குதிப்பதில்தான் ஆபத்தே. லிப்ட் மெக்கானிக் நம்பரை லிப்டுக்குள்ளும் ஒட்டுங்கள்.

பெண்கள் பத்திரிகை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், ஆண்கள் எழுதும் கையேட்டில் இது வரவே வராது. நாப்கினையும் குழந்தை டயப்பரையும் கக்கூஸில் போட்டால் மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, கீழ்வீட்டு பாத்ரூமில் பொங்கும். பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்படியே, பால்கனித் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் குழாயில் சோப்புத் தண்ணீரை விட்டால் நம் போர் தண்ணீரைத்தான் கெடுத்துக்கொள்கிறோம்.

ஒரே ஒரு வரியை மட்டும் அடித்தேன். 'வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிப்ட் உபயோகிக்கக் கூடாது.' ஐம்பது வயசு அம்மா மூன்று மாடி ஏறி வந்து நமக்குக் குனிந்து பெருக்க வேண்டுமாம்! செக்ரடரி ஸார் முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் போன் நம்பர்கள். ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மின்சாரப் புகாருக்கு 94987 94987, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பக்கத்து டாக்டர். இவற்றோடு பகலில் வீட்டில் இருக்கும் இரண்டு பேருடைய நம்பர், அவர்கள் சம்மதத்தோடு. இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிற மாதிரி அச்சடியுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், பிள்ளைத்தாய்ச்சி எந்தெந்த வீட்டில் என்ற குறிப்பு செக்ரடரியிடம் தனியாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தரைத்தளத்துக்காரர்கள் பட்ட பாடு மறக்கவில்லையே!

இன்னொன்று. வீட்டுச் சொந்தக்காரர் பெங்களூரில் இருப்பார், கையேடு அவருக்குத் தபாலில் போகும். என்ன பிரயோஜனம்? வாடகைக்கு இருப்பவர் கையில் சேர வேண்டும். குடிவந்த அன்று சாயங்காலமே, ஓய்வாக இருக்கும் யாராவது ஒருவர் அந்தப் பெண்ணை மொட்டை மாடிக்கும் மீட்டர் பலகைக்கும் கூட்டிப்போய், அவள் கையாலேயே அந்த வால்வை ஒருதரம் மூடித் திறக்கச் சொல்லுங்கள். கால்மணி நேர வேலைதான்.