கல்லில் எழுதிய கணக்கு

நவம்பர் காலை ஆறரைக்கே பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்கா வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டிவிடுகின்றன. எனக்கு வாய்த்த சர்தார்ஜி மிதித்துக்கொண்டே பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை அடுக்கினார். நான் மனதுக்குள் மொழிபெயர்த்தேன்: சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை. தமிழ் எம்.ஏ.வின் சரக்கு மூன்றோடு தீர்ந்தது. அவருக்குத் தீரவில்லை.

கருவேல மரமெங்கும் நாரைக் கூடுகள். குஞ்சுகளின் கூச்சலில் பேசவே முடியவில்லை. கேவலாதேவ் கோயிலருகே கல்வெட்டுகள். எந்தக் கோயில் திருப்பணி என்று ஆசையாகப் போனால், வேட்டைக் கணக்கு! 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது வீழ்ந்தவை 4,273 பறவைகள். ஒரே நாளில்.

துப்பாக்கி ஓய்ந்ததா? 1982-ல் பூங்காவுக்குள் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பறவைகளுக்காகத்தான் தடை. ஆனால் எருமைகள் நின்றதும் நீரெங்கும் புல் மண்டியது. பறவைகள் இரை தேட இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது இதைத்தான். எருமைக்காரர்களை முன்பே கேட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் சர்தார்ஜி வண்டியை நிறுத்தினார். சைபீரியக் கொக்குகள் வந்து தங்கும் இடமாம். கடைசி ஜோடி வந்தது 2002-ல். பைனாகுலரை நீட்டினார். முழங்கால் நீரில் நீலமான் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது.