குரலும் குப்பையும்

ஸினிமாக் கொட்டகையில் படம் மங்கினால் உடனே சீட்டியடிக்கிறோம். பேச்சு விளங்காவிட்டாலோ, நம் காதில்தான் கோளாறு என்றெண்ணி, பக்கத்திலிருப்பவரை "என்ன சொன்னான்?" என்று கேட்கிறோம். அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த வசனமும் போய்விடுகிறது. ஆகவே, பதிவான பேச்சிலிருந்து இரைச்சலை நீக்கும் தொழிலைப் பற்றி நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்வது அவசியமாகிறது.

இந்தத் தொல்லை பேசும் படத்துடனேயே பிறந்தது. 1931-ம் வருஷம் வெளிவந்த 'ஆலம் ஆரா'வை அர்தேஷிர் இரானி பம்பாயில் எடுத்தபோது, ஸ்டூடியோவுக்கு அருகே ரயில் பாதை இருந்தது. வண்டிகள் ஓய்ந்த பின்னிரவிலேதான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். ஒரு தடவை பதிவாகிவிட்டால் பேச்சையும் ரயிலையும் பிரிக்க அன்று வழி கிடையாது.

இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒலியைச் சித்திரமாகத் திரையில் விரித்துக் காட்டுகிறது: கீழே கனத்த ஒலிகள், மேலே கூர்மையான ஒலிகள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. ஆகையால் மின்சார ரீங்காரம் 50, 100, 150 என்ற படிகளில் நேர்கோடுகளாகத் தெரியும். அவற்றை மட்டும் நறுக்கினால் குரலுக்கு அதிகச் சேதமில்லை. நாற்காலி கிறீச்சிட்டது சிறு கறையாகத் தெரியும், துடைத்துவிடலாம்.

விடாமல் இரையும் விசிறியின் விஷயம் வேறு. நடிகர் பேசாத ஒரு வினாடியைக் காட்டி, "இதுதான் இரைச்சல், கழித்துவிடு" என்றால் கம்ப்யூட்டர் கழிக்கிறது. ஆபத்தும் இங்கேதான். 'ச', 'ஸ', 'ஷ' ஆகியவற்றின் சீறலும் இரைச்சலின் சீறலும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன. அளவு மீறிக் கழித்தால் எழுத்துக்கள் மழுங்கி, பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். மூச்சையும் விம்மலையும் குப்பையென்று கூட்டித் தள்ளினால், கதாநாயகி அழுவது பத்திரிகை படிப்பதுபோலிருக்கும்.

மௌனத்தையுங்கூட அடியோடு துடைக்கலாகாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனி மௌனம் உண்டு. இரண்டு வசனங்களுக்கு நடுவே அது அற்றுப் போனால் காது திடுக்கிடும். எனவே, படப்பிடிப்பின்போதே எல்லோரையும் அரை நிமிஷம் வாய்மூடி நிற்கச் செய்து, அந்த மௌனத்தைப் பதிவு செய்துகொள்கிறார்கள். பிறகு வெட்டிய இடங்களில் அதை ஒட்டுப் போடுகிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கென்று, நம் நாட்டில் வெகு காலமாக நடிகர்களை அறைக்குள் அழைத்து மறுபடியும் பேச வைத்து வந்தார்கள். அதில் இரைச்சல் இல்லை. பல சமயம் உயிரும் இல்லை. வெயிலில் ஓடிக் களைத்தவனின் குரல் குளிர்ந்த அறையில் எப்படி வரும்? 2001-ல் வந்த 'லகான்' கட்ச் பிரதேசத்து வெட்டவெளியில், நடிக்கும்போதே பேச்சையும் பதிவு செய்தது. அதன் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்ற இருவரில் ஒருவர் சென்னை எச். ஸ்ரீதர்.

நட்சத்திரத்தின் முகத்துக்கு வர்ணம் பூச மணிக்கணக்காகப் பொறுக்கும் படமுதலாளிகள், ஜெனரேட்டரை நூறு கஜம் தள்ளி நிறுத்தும்வரை ஐந்து நிமிஷம் பொறுக்கட்டும். பக்கத்திலிருப்பவரைக் கேட்காமலே நாம் கதையைத் தெரிந்துகொள்வோம்.