அனிதா பால்துரை இன்று களமிறங்கினால்

மே மாதம் வந்தால் பெரியகுளத்துக்கு அது கூடைப்பந்து மாதம். சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி.சிதன் நினைவுச் சுழற்கோப்பைக்காக ராணுவம், கடற்படை, வங்கிகள், கேரள மின்வாரியம் என்று நாட்டின் பெரிய அணிகள் இங்கே வந்து மின்னொளியில் ஆடிவிட்டுப் போவது அரை நூற்றாண்டைத் தாண்டிய வழக்கம். தேசிய அணிக்கு ஆடியவர்களைத் தேனி மாவட்டத்து ரசிகர்கள் சில அடி தூரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ‘அந்தக் காலத்து ஆட்டக்காரர் இன்றைக்கு இறங்கினால் நிற்பாரா?’ என்ற கேள்வி இந்த மண்ணில் வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. ஆனால் அது பெரும்பாலும் ஆண்களை வைத்தே கேட்கப்படுகிறது. பதிலும் பாசத்திலிருந்து வருகிறது, சான்றிலிருந்து வருவதில்லை. சான்றோடு பதில் சொல்ல ஏற்ற ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை.

அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கூடைப்பந்தின் விதிகள் மாறிய காலமும் அவர் ஆடிய காலமும் ஒன்றாக இருப்பதுதான். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2000-ல் ஆட்டத்தின் வேகத்தையே மாற்றியது. பந்து கைக்கு வந்தபின் ரிங்கை நோக்கி எறிய இருந்த 30 வினாடி 24 ஆகக் குறைந்தது. இருபது நிமிடப் பாதிகள் இரண்டுக்குப் பதிலாகப் பத்து நிமிடக் கால்கள் நான்கு வந்தன. அடுத்த ஆண்டு, 2001-ல், அனிதா ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஆடத் தொடங்கினார். 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. ரிங்குக்குக் கீழே இருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானது. 2014-ல் இன்னொரு மாற்றம்: எறிந்த பந்து ரிங்கில் பட்டுத் திரும்பி அதே அணியிடம் வந்தால் அடுத்த எறிக்கு 14 வினாடிதான். இத்தனைக்கும் நடுவே அவர் ஒன்பது ஆசியப் போட்டிகளில், 2017 வரை ஆடினார். பழைய ஆட்டக்காரர் புதிய ஆட்டத்தில் எப்படி ஆடுவார் என்று மற்றவர்களைப் பற்றி நாம் கற்பனைதான் செய்ய முடியும். அனிதா விஷயத்தில் பாதிச் சோதனை நடந்தே முடிந்துவிட்டது. கோடு அரை மீட்டர் பின்னால் போன பிறகும் ஏழு ஆண்டுகள் அவர் தேசிய அணியில் இருந்தார்.

அவர் கார்டு. பந்தைக் கொண்டுவந்து பகிர்வதும், தடுப்பவர் ஒரு கணம் அசந்தால் வெளியிலிருந்து எறிவதும்தான் அவருடைய ஆட்டம். இன்றைய ஆட்டம் எதற்கு விலை கொடுக்கிறது என்று பார்த்தால், இந்தத் திறமைக்குத்தான். கணக்கு எளிது. கோட்டுக்கு உள்ளே பத்து முறை எறிந்து ஐந்து விழுந்தால் பத்துப் புள்ளி. வெளியே பத்து முறை எறிந்து நான்கே விழுந்தாலும் பன்னிரண்டு. இந்தச் சின்னக் கணக்கை உலகம் முழுதாக உள்வாங்கிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு வந்த 1979-80 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட வெளியிலிருந்து எறியவில்லை. இன்று அது 35-ஐத் தாண்டி நிற்கிறது. அனிதா ஆடத் தொடங்கிய ஆண்டுகளில் உயரமான சென்டரிடம் பந்தை உள்ளே கொடுப்பதுதான் முதல் திட்டம். அது அடைபட்டால்தான் வெளியிலிருந்து எறிவது. இப்போது வெளியிலிருந்து எறியக்கூடியவர்களை மையமாக வைத்துத்தான் திட்டமே போடுகிறார்கள். பழைய காலம் அவர் கைக்குக் கொடுத்த மதிப்பைவிட இன்றைய காலம் அதிகம் கொடுக்கும் என்பதே என் வாதம்.

இதற்கு உடனே வரும் மறுப்பு உயரம். இன்று கார்டு இடத்தில்கூட ஆறடிப் பெண்கள் ஆடுகிறார்கள், நம்மவரால் அவர்களுக்கு மேல் எறிய முடியுமா என்பார்கள். இதற்குப் பதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் கிடைத்தது. 2021-ல் நடந்த அந்தப் போட்டிக்கு ஜப்பான் மகளிர் அணியின் 193 சென்டிமீட்டர் உயர நட்சத்திரம் ராமு டோகாஷிகி காயத்தால் வரவில்லை. ஓட்டத்தையும் வெளியிலிருந்து எறிவதையும் மட்டுமே நம்பி இறங்கிய அந்தக் குள்ளமான அணி, காலிறுதியில் பெல்ஜியத்தை ஒரே புள்ளியில் வென்றது. அதைச் சாதித்தது கடைசி நொடிகளில் சாகி ஹயாஷி எறிந்த மூன்று புள்ளிப் பந்து. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக 18 அசிஸ்ட் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்த ருயி மச்சிடாவின் உயரம் 162 சென்டிமீட்டர். இறுதியில் அமெரிக்காவிடம் 75-90 என்று தோற்றாலும் வெள்ளி அவர்களுடையது. இன்றைய ஆட்டம் உயரமானவர்களுடையது என்பது பாதி உண்மைதான். கோட்டை விரித்து, இடத்தைத் திறந்துவிட்ட அதே ஆட்டம், வேகமும் கையும் உள்ள குள்ளமானவர்களுக்கும் வழிவிட்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை எளிதாகத் தள்ள முடியாது. அனிதா எந்த எதிரிகளுக்கு எதிராகச் சாதித்தார்? 2017 ஜூலையில் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்திய மகளிர் பெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுக் கோப்பை. சீனா, ஜப்பான், தென்கொரியாவோடு மோதியபோதெல்லாம் நம் அணி பின்தங்கியே இருந்தது. 2021-ல் அம்மானில் ஜப்பானிடம் நாம் அடைந்த தோல்வியின் அளவைப் பார்த்தால் ஒருவரால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பது புரியும். இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய டிஃபென்ஸில் ஆளை மாற்றி மாற்றித் தடுக்கிறார்கள். கார்டு ஒருவர் சில நொடிகளுக்காவது சென்டரின் முதுகைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கான உடல்வலு பதினைந்து வயதிலிருந்து எடைப் பயிற்சிக் கூடத்தில் சேர்ப்பது. அவர் வளர்ந்த காலத்துத் தமிழ்நாடு அதைப் பெண் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கவில்லை. 2005-ன் அனிதாவை அப்படியே தூக்கி இன்றைய ஆசிய முதல் பிரிவு ஆட்டத்தில் போட்டால் தடுப்பாட்டத்தில் அவர் திணறுவார். ஆனால் அப்படிப் போடுவது நியாயமான ஒப்பீடா? கம்பத்துப் பன்னீர் திராட்சைக் கொடியைப் பிடுங்கி உரமும் நீரும் இல்லாத இடத்தில் நட்டுவிட்டுக் காய்ப்பு இல்லை என்று யாரும் கொடியைக் குறை சொல்வதில்லை. இன்றைய ஆட்டத்துக்குள் ஒருவரைக் கொண்டுவந்தால் இன்றைய உணவையும் உடற்பயிற்சியாளரையும் மரத்தளத்தையும் காணொளி ஆய்வையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுத்தால் பயிற்சியால் வருபவை வந்துவிடும். வராத ஒன்று கை. என்.பி.ஏ. சென்டர் புரூக் லோப்பஸ் முதல் எட்டுப் பருவங்களில் போட்ட மூன்று புள்ளிப் பந்துகள் மொத்தம் மூன்றே மூன்று. 2016-17 பருவத்தில் மட்டும் 134. கை அவருக்கு முன்பே இருந்தது. ஆட்டம் கேட்டபோது வெளிப்பட்டது. டயானா டவுராசி 2004 முதல் 2024 வரை அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.யில் ஆடினார், 2013-ல் அங்கும் கோடு 6.75-க்குப் போனது, அதன் பிறகும் அவர் எறிவதை நிறுத்தவில்லை. கால் தளர்ந்தாலும் நல்ல எறியாட்டக்காரரின் கண்ணும் மணிக்கட்டும் தளர்வதில்லை. அனிதாவே 32 வயதில், ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு, அந்தப் பெங்களூர் அணியில் ஆடினார். இதைவிட வலுவான சான்று 3x3 ஆட்டம். அரைக் களம், பக்கத்துக்கு மூவர், 12 வினாடிக் கடிகாரம், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. அங்கே கோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் ஒன்று, வெளியிலிருந்து போட்டால் இரண்டு. அதாவது தூர எறிக்கு இரட்டிப்பு மதிப்பு. ஆளுக்கு ஆள் தடுப்பதிலிருந்து ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. இன்று ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்ட அந்த வடிவத்தில் 2013-ல் தோஹாவில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய அணியில் அனிதா இருந்தார். 2017 அக்டோபரில் வந்த விதி மாற்றம், ஓடிவந்து பந்தைப் பிடிப்பவருக்குக் கூடுதலாக ஓர் அடி வைக்க இடம் கொடுத்தது. வெட்டித் திரும்பி எறியும் கார்டுகளுக்கு அது பெரிய வரம். அவர் ஆடி முடித்த சில மாதங்களில் அது வந்தது. ஆகவே என் முடிவு இது: இன்றைய வசதிகளோடு வளர்ந்த அனிதா பால்துரை இன்றைய இந்திய அணியின் முதல் ஐவரில் இருப்பார், 3x3 அணியில் முதல் பெயரே அவருடையதாக இருக்கும்.

இந்த முடிவு சரியென்றால் அதில் நம் பள்ளத்தாக்குக்கு ஒரு வேலை இருக்கிறது. திறந்தவெளி சிமெண்ட் களங்களில் தூரத்திலிருந்து எறியப் பழகுவது இங்கே லேசல்ல. கம்பம் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கும் மாதங்களில் காற்றாலைக்கு வரமாக இருப்பது பந்துக்கு எதிரி. வளைந்து போகும் பந்தை அது இழுத்துவிடும். ஆனால் காற்று அடங்கிய அதிகாலையில் தினமும் இருநூறு பந்து எறிய ஒரு பெண் பிள்ளைக்குத் தேவை ஒரு பந்தும் ஒரு ரிங்கும் சரியான தூரத்தில் ஒரு கோடும்தான். எதை எறிகிறோம், எத்தனை விழுகிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் சேர்ந்தால், நாளைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் நினைவை நம்ப வேண்டியிருக்காது. உடற்கல்வி ஆசிரியர்களையும் கிளப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்து டேப் பிடித்து அளந்து பாருங்கள். உங்கள் களத்தின் மூன்று புள்ளிக் கோடு இன்னும் 6.25 மீட்டரில் இருந்தால் அதை அழித்துவிட்டு, இந்தக் கோடை விடுமுறைக்குள் 6.75-ல் புதிதாக வரைந்துவிடுங்கள்.