ரெண்டு ரெண்டா இழுக்குதா பிரிண்டர்?

நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன். ராத்திரி பார்த்து பிரிண்டர் ரெண்டு ரெண்டு தாளா இழுத்துச் சிக்கிக்குதா? டென்ஷன் வேணாம் பாஸ்!

சிவகாசியில தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் மூணுக்கும் கைகொடுத்தது வறண்ட காத்து. அதே காத்துல தாள்கள் உரசினா ஸ்டேட்டிக் மின்சாரம் சேர்ந்து ஒட்டிக்கும். பட்டாசு ஆலையில பருத்தித் துணி உடுத்தச் சொல்றதும் இந்த மின்சாரத்துக்குப் பயந்துதான்!

தாள்கட்டை வெளியே எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி விசிறி, ஓரம் தட்டி வைங்க. சிக்கினதை எடுக்கணுமா? சுவிட்சை அணைச்சு, லேசர்னா சூடு ஆறவிட்டு, ரெண்டு கையாலயும் தாள் போற திசையிலேயே மெதுவா இழுங்க. வெடுக்குனு பிடுங்கினா கிழிஞ்ச துண்டு உள்ளே தங்கி, அடுத்த தாளையும் சிக்க வைக்கும். இங்க்ஜெட்டா? வாரம் ஒரு கலர் பக்கம் அடிங்க. இல்லேன்னா மை காய்ஞ்சு அடைச்சுக்கும்.

அப்புறமென்ன, ஹெச்.ஓ.டி. கையெழுத்துதான் பாக்கி!