பழைய மினி கார்... கியர் போடலாமா, வேண்டாமா?

1959-ல் பிரிட்டனில் அறிமுகமான குட்டி கார், மினி. இடத்தை மிச்சப்படுத்த, இன்ஜினுக்கு அடியிலேயே கியர்பாக்ஸை வைத்தார் அலெக் இசிகோனிஸ். இரண்டுக்கும் ஒரே ஆயில்தான்!

1965-ல் ஆட்டோமேட்டிக் மினியும் வந்தது. கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்பதால், மூட்டுவலி உள்ளவர்களுக்கு வசதி. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால், இன்ஜின் அழுக்கு கலந்த அதே ஆயில்தான் இந்த கியர்பாக்ஸையும் இயக்குகிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால், செலவு கியர்பாக்ஸில் வந்து நிற்கும். அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைவு. மேனுவலில் இந்தத் தலைவலி குறைவு. உதிரி பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும்.

இடது கால் ஒத்துழைத்தால், மேனுவலே நல்லது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால், பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், ஆயில் மாற்றிய பில்களை முதலில் கேளுங்கள்!