பூனைக்காரன் பொண்டின்ர அண்ணனாம்!

‘ஸ்கைஃபோல்’ (2012) எடுத்த அதே சாம் மெண்டிஸ்தான் ‘ஸ்பெக்டர்’ஐயும் எடுத்திருக்கிறார் எண்டதை எங்களால இன்னும் நம்பேலாமல் கிடக்கு. இன்னும் படம் பார்க்காத ஆக்கள் இதோட நிப்பாட்டலாம், முடிச்சு எல்லாத்தையும் அவிழ்க்கப்போறம்.

தொடக்கம் அபாரம், மறுக்கேல்லை. மெக்சிக்கோவில இறந்தோர் நாள் ஊர்வலம், எலும்புக்கூட்டு முகமூடிகள், தெருவிலிருந்து ஹோட்டலுக்குள்ள போய் கூரைக்கு ஏறுற கமெரா. அதோட கற்பனை தீர்ந்துபோச்சு.

பிறகு வருகுது அந்தப் பெரிய ‘இரகசியம்’. வில்லன் புளோஃபெல்ட் பொண்டோட ஒரே வீட்டில இருந்தவனாம். தாய் தகப்பனை இழந்த பொண்டில தன்ர தகப்பன் பாசம் வைச்சது பொறுக்காமல் தகப்பனையே கொன்றவனாம். முந்தின மூன்று படங்களின்ர வில்லன்களும் இவன்ர ஆக்களாம்! ‘கசினோ ரோயல்’இல வெஸ்பர் செத்தது, ‘ஸ்கைஃபோல்’இல எம் செத்தது எல்லாம் இவன்ர வேலையாம்.

இதுதான் எங்கட கோபம். சில்வா எம்மை வெறுத்ததுக்கு ஒரு காரணம் இருந்தது: அவனைச் சீனரிட்டைப் பிடிச்சுக் குடுத்தது அவதான். உளவு அமைப்புத் தன்ர ஆக்களையே எப்பிடித் தின்னும் எண்ட கதை அது. இப்ப அது ஒரு பெடியன்ர சின்ன வயசுப் பொறாமையில போய் முடியுது. 1963இல இதே புளோஃபெல்டின்ர முகத்தையே காட்டாமல் பூனையைத் தடவுற கையை மட்டும் காட்டிப் பயமுறுத்தினவை. வில்லனும் ஹீரோவும் சகோதரங்கள் எண்டதை 2002இலயே ‘ஒஸ்டின் பவர்ஸ்’ பகிடியாய்ச் செய்திட்டுது. இவை அதையே சீரியஸாச் செய்யினம். (நல்லகாலம், குடும்பப் பாட்டு ஒண்டும் இல்லை.)

கடுப்பு என்னெண்டால், நல்ல கதை ஒண்டு படத்துக்குள்ளயே கிடந்தது. ஒன்பது நாடுகளின்ர உளவுத் தரவுகளை ஒண்டாக்குற திட்டம். தென்னாபிரிக்கா எதிர்த்து வாக்களிக்குது. கேப் டவுனில குண்டு வெடிக்குது. உடன சம்மதிக்குது. பயத்தைக் காட்டிக் கண்காணிப்பை விக்கிறது எப்பிடியெண்டு எங்கட நாட்டு ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஸ்னோடன் 2013இல எல்லாத்தையும் வெளியில விட்ட பிறகு வந்த படம் வேற. ஆனா இவை செய்தது? கடைசி நேரத்தில கொம்பியூட்டரை நிப்பாட்டினம், திட்டத்தின்ர சூத்திரதாரி மேலயிருந்து விழுந்து சாகிறார், அவ்வளவுதான். சம்மதிச்ச ஒன்பது அரசாங்கங்களையும் ஆரும் ஒரு கேள்வி கேக்கேல்லை. பொண்ட் பழைய அஸ்டன் மார்ட்டினில காதலியை ஏத்திக்கொண்டு போறார்.